மேசையின் அடிப்பக்கம்

எழுதவும் வாசிக்கவும் தெரிந்த நாமெல்லோரும் வாழ்நாளின் பெரும்பகுதியை மேசைக்கு முன்னாற் கழித்தவர்கள். அதன்மேல் ஏடு விரித்தோம்; விடைத்தாள் திருத்தினோம்; விண்ணப்பம் எழுதினோம். சமுதாயத்தை மாற்றியமைக்க வேண்டுமென்று வற்புறுத்தும் கட்டுரைகளையும் அதன்மேல் முழங்கை ஊன்றியே எழுதினோம். ஆனால் அந்த மேசை எவ்வாறு நிற்கிறது, நான்கு கால்களையும் மேற்பலகையையும் பிரியாமற் பிடித்து வைத்திருப்பது எது என்று ஒருவர் கேட்டால், நம்மிற் பெரும்பாலோர் வாய் திறக்கமாட்டோம். மேசையின் மேற்பக்கம் நமக்குரியது. அடிப்பக்கம் வேறு யாருக்கோ உரியது. இந்தப் பாகப்பிரிவினை எவ்வாறு வந்தது, அது நம் கல்வியை எவ்வளவு தூரம் குறைப்படுத்தியது என்பனவற்றை அண்மையில் ஒரு சிறு மேசையைச் செய்து முடித்தபோது ஆழ்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணங்களையே இங்கு எழுதுகிறேன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி ஆகிய நான்கும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள். 1619 இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் கைக்குப் போயிற்று. 1658 இல் அவர்கள் ஒல்லாந்தரிடம் தோற்று வெளியேறினர். ஆட்சி போனது, சொற்கள் நம் வீடுகளிலேயே தங்கிவிட்டன. அதற்கு முன்பு நம்மவர் பாயிலும் திண்ணையிலும் அமர்ந்து உண்டனர், எழுதினர், வழக்குத் தீர்த்தனர். திண்ணையிலும் உயர்வு தாழ்வு இருந்தது. யார் திண்ணையில் ஏறலாம், யார் முற்றத்தில் நிற்கவேண்டும் என்ற சட்டம் போர்த்துக்கேயர் கொண்டுவந்ததன்று. ஆனால் அந்நியர் ஆட்சியில் மேசையும் கதிரையும் அதிகாரத்தின் அடையாளங்களாயின. கந்தோரில் மேசைக்கு அப்பாலிருந்தவன் ஆள்பவன். இப்பால் நின்றவன் ஆளப்படுபவன். நம்மூர்ச் சாதிமான் இந்த வேறுபாட்டை மிக விரைவிற் கற்றுக்கொண்டான்.

பாடசாலை வாங்கின் வரலாறே இதற்குச் சான்று. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலும் வாசலுக்கு வெளியிலும் இருந்தே பாடங்கேட்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் எழுதாச் சட்டமாக இருந்தது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற பணிப்பு 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் நடைமுறைக்கு வந்தபோது, மேட்டுக்குடியினரிடையே பெரும் எதிர்ப்பெழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை நிலத்திலிருந்து பதினெட்டு அங்குலம் உயர்ந்து ஒரு பலகைமேல் அமர்வதைப் பொறுக்கமுடியாமற் கூரைக்கு நெருப்பு வைத்தார்கள்! 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் தேநீர்க்கடை வாங்கு விடுதலை பெறவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் தேவைப்பட்டன. அப்போராட்டங்களில் மனிதர் உயிரும் கொடுத்தனர். நான் அப்போது மேல்வகுப்பு மாணவன். கடைக்குள் இருந்த மேசையும் வாங்கும் எந்த மரத்தில் ஆனவை, யார் செய்தவை என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. யார் அமரலாம் என்பதே அன்றைய கேள்வியாக இருந்தது. அக்கேள்வி நியாயமானது. ஆயினும் அதன் மறுபாதி அப்போது கேட்கப்படவேயில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990 இல் அங்கிருந்து வெளியேறினோம். போர் முடிந்து பல ஆண்டுகள் சென்றபின் காணி விடுவிக்கப்பட்டபோது அங்கே வீடு இல்லை. கூரை, கதவு, யன்னல், நிலை எல்லாம் கழற்றிச் செல்லப்பட்டிருந்தன. சுவர்களில் மரங்கள் முளைத்திருந்தன. வடக்கே காணி திரும்பப் பெற்ற பலருக்கும் கிடைத்தது இத்தகைய வீடே. பற்றையை வெட்டித் துப்புரவாக்கியபோது, இடிந்த சுவரொன்றின் கீழிருந்து ஒரு தீராந்தி வெளிப்பட்டது. நீளம் ஏழடி, அகலம் ஆறங்குலம், கனம் ஐந்தங்குலம். ஒரு முனையைக் கறையான் சிறிது தின்றிருந்தது. மற்றையது இரும்புபோற் கிடந்தது. முதிரை மரம். பனை வளைகளுக்கு நடுவே இந்த ஒரு வன்னி மரத்தைப் பாட்டனார் ஏற்றுவித்தார் என்று சிறுவயதிற் கேள்விப்பட்டிருந்தேன்.

அதை விற்க மனம் வரவில்லை. இப்போதிருக்கும் வீட்டின் விறாந்தையில் மாலை வேளைகளில் அயற்பிள்ளைகள் சிலர் கணக்குக் கேட்க வருகிறார்கள். பாயிலிருந்து குனிந்தே எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறு மேசை செய்வோம் என்று எண்ணினேன். பின்வளவில் ஓலை வேய்ந்த கொட்டில் ஒன்று இருந்தது. அதில் ஒரு தடித்த பலகையை நான்கு முளைகளின்மேல் ஏற்றி வேலை மேடையாக்கினேன். வாள் ஒன்று, சீவுளி ஒன்று, உளி மூன்று, கொட்டாப்புளி, மூலைமட்டம், தீட்டுக்கல்: இவ்வளவே பட்டறை. கற்பிக்க ஒருவர் வேண்டுமே! எங்கள் ஒழுங்கையின் முடிவில் முதிய தச்சர் ஒருவர் இருக்கிறார். என்னிலும் ஐந்து வயது மூத்தவர். என் பாட்டனார் காலத்தில் எங்கள் வீட்டுச் சிறுவர்கள்கூட முதிய தச்சரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பது வழக்கம். இவரை நான் அண்ணை என்று அழைக்கிறேன். அவர் என்னை மாஸ்ரர் என்கிறார். நாள் ஒன்றுக்கு மூன்று மணிநேரம் வந்து சொல்லித்தர இசைந்தார்.

முதல் நாள் நாங்கள் மரத்தை வெட்டவில்லை. அவர் அதைத் தடவிப் பார்த்தார், தட்டிக் கேட்டார், உள்ளே முறிந்து கிடந்த பழைய ஆணிகளைத் தேடித்தேடிப் பிடுங்கினார். ஓர் ஆணி மறைந்திருந்தாலும் மரக்காலை வாளின் பல்லுக்குக் கேடு. வாள் பிடிப்பவனுக்கும் கேடு. இரண்டாம் நாளே அதை மரக்காலையில் அரிந்து பலகையும் சட்டமும் ஆக்கினோம். மின்வாள் சில நிமிடங்களில் முடித்த வேலையைப் பார்த்துக்கொண்டே அவர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். அக்காலத்தில் மரத்தைக் கிடங்கின்மேற் கிடத்தி இருவர் அரிவார்கள். மேலே நிற்பவன் கோட்டைப் பார்த்து வாளை நடத்துவான். கீழே கிடங்கினுள் நிற்பவன் வாளை இழுப்பான். தூள் முழுவதும் அவன் கண்ணிலும் மூக்கிலும் விழும்.

"அப்பு கிழங்குக்குள்ளை நிண்டமாதிரிக் கிடங்குக்குள்ளை நிண்டவர், மாஸ்ரர். மேலை நிக்கிறவருக்கு ரண்டு சதம் கூட," என்றார்.

ஒரே வாள், ஒரே மரம், இரு கூலி. வர்க்கப் பிரிவினையை விளக்க இதனினும் தெளிவான படத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

முதிரை எளிய மரமன்று. ஒரு கன அடி நீர் 62 இறாத்தல் எடையுள்ளது. ஒரு கன அடி முதிரை ஏறத்தாழ 60 இறாத்தல். அதன் நார்கள் நேராக வளர்வதில்லை. சில ஆண்டுகள் ஒரு பக்கமாகச் சுற்றி வளர்ந்து, பின்னர் மறுபக்கமாகத் திரும்புகின்றன. சீவி மெருகிட்ட முதிரையில் ஒளியும் நிழலும் பட்டுப்போல் மாறிமாறித் தோன்றுவதற்கு இதுவே காரணம். அழகு கண்ணுக்கு, தொல்லை கைக்கு.

"இதிலை நார் ஒரு வரி இஞ்சாலை போனா, அடுத்த வரி அங்காலை போகும். நேரை தள்ளினாச் சிலும்பும். அலகை நல்லாத் தீட்டி, மெல்லிசாய் வைச்சு, கொஞ்சம் சரிச்சுத் தள்ளுங்கோ. மரத்தோடை சண்டை பிடிக்காதேங்கோ. அது எங்கை போகுதெண்டு பாத்து அதோடை போங்கோ."

ஒரு பொருளின் இயல்பை அறிந்து, அதன் விதிக்கு இணங்கியே அதை மாற்றவேண்டும் என்பதைத் தத்துவ வகுப்பிலே பெரிய சொற்களாற் படித்திருக்கிறேன். சீவுளியின் வாயிலிருந்து கடதாசிபோல் மெல்லிய சீவல் முதன்முறையாகச் சுருண்டு வெளிவந்தபோது அந்தப் பெரிய சொற்கள் கைக்குள் இறங்கின.

மேசையின் அளவு சிறியது. மேற்பலகை நீளம் இருபத்துநான்கு அங்குலம், அகலம் பதினாறு அங்குலம். மூன்று பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டியது. உயரம் இருபத்திரண்டு அங்குலம். தாழ்ந்த வாங்கிலிருக்கும் பிள்ளைக்கு அது போதும். நான்கு கால்கள், அவற்றை இணைக்கும் நான்கு சட்டங்கள். சட்டத்தின் நுனியை இருபுறமும் மெலித்து நாக்குப்போல் ஆக்கவேண்டும், அது கழுந்து. காலிலே அதற்கேற்ற துளை குடையவேண்டும். ஒரு காலுக்கு இரண்டு துளையாக எட்டுத் துளைகள், எட்டுக் கழுந்துகள். சட்டத்தின் கனத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கையே கழுந்தாக விடவேண்டும். கழுந்து தடித்தால் துளையின் சுவர் மெலிந்து பிளக்கும். கழுந்து மெலிந்தாற் பாரம் தாங்காது முறியும். இரண்டு மரங்களும் ஒன்றுக்கொன்று இடங்கொடுத்து, இரண்டும் வலிமை குறையாது நிற்பதற்கு அந்த மூன்றிலொன்றே நடுநிலை.

எட்டுப் பொருத்துகளையும் இறக்கிக் கயிற்றாற் சுற்றி, கயிற்றினுள் ஒரு தடியைச் செருகி முறுக்கி இறுக்கியபின், சட்டகம் சதுரமாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். மூலைமட்டத்தை எடுத்தேன். அவர் அதை வேண்டாமென்று ஒரு மெல்லிய ஈர்க்கை எடுத்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை வைத்து நகத்தால் அடையாளமிட்டார். பின் மற்ற இரு மூலைகளுக்கும் அதே ஈர்க்கை வைத்தார். அடையாளம் ஒரு மயிரிழை தவறியது. ஒரு காலை உள்ளங்கையால் மெல்லத் தட்டினார். மீண்டும் வைத்தார். சரியாக இருந்தது.

செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்ற தேற்றத்தை முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி நிறுவியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்ட மனிதர் அதை ஓர் ஈர்க்கில் வைத்திருந்தார். என் தேற்றம் பொய்யன்று. அவர் ஈர்க்கும் அதைவிட உயர்ந்ததன்று. ஏன் அது உண்மை என்பதை நான் அறிவேன். எங்கே அது வேலை செய்கிறது என்பதை அவர் அறிவார். ஒரே அறிவின் இரு பாதிகள் ஒரே ஒழுங்கையின் இரு முனைகளில் அரை நூற்றாண்டு காலம் ஒன்றையொன்று சந்திக்காமல் வாழ்ந்தன என்பதே இங்கு வருந்தத்தக்கது. அவற்றைப் பிரித்துவைத்தது இயற்கையன்று. சாதியும், அதன்மேல் எழுந்த கந்தோர்க் கல்வியும் ஆகும்.

மேற்பலகையைப் பூட்டும் முறையை அறிந்தபோதுதான் மேசையின் அடிப்பக்கம் எனக்கு முழுமையாகத் திறந்தது. மரம் வெட்டப்பட்ட பின்னும் அசைகிறது. மாரிகாலத்தில் ஈரத்தைக் குடித்து விரிகிறது; சோளகம் வீசும் நாட்களில் உலர்ந்து சுருங்குகிறது. நீளவாட்டில் இந்த மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். குறுக்குவாட்டிலேயே எல்லாம் நிகழ்கிறது. பதினாறு அங்குலப் பலகை ஒரு நூல், அதாவது அங்குலத்தின் எட்டிலொன்று, கூடவும் குறையவும் கூடும். அதை ஆணியறைந்து இறுக்கினால் ஒருநாள் நடுவே வெடிக்கும். ஆகவே சட்டங்களின் உட்புறத்தில் ஒரு காடி வெட்டி, அக்காடியினுள் நாக்கு நுழையுமாறு செதுக்கிய சிறு கட்டைகளை மேற்பலகையின் அடியிலே திருகாணியாற் பூட்டுகிறார்கள். பலகை விரிந்தாற் கட்டை காடிக்குள் நகரும். பிடியும் தளராது, பலகையும் வெடிக்காது. நூறாண்டு நிற்கும் மேசைகள் இந்தச் சிறு கட்டைகளாலேயே நிற்கின்றன. மேலிருந்து பார்ப்பவன் இவற்றில் ஒன்றையும் காணமாட்டான்.

இவ்வளவிலும் தச்சரின் உடம்பைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. முதிரைத் தூள் தோலிற் பட்டால் அரிக்கும். சிலருக்குத் தடித்துப் புண்ணாகும். ஒரு கிழமை வேலையில் என் முன்னங்கைகளிலும் தடிப்பு எழுந்தது. அவர் கைகளைப் பார்த்தேன். அத்தடிப்பு அங்கே நிரந்தரமாகிக் கறுத்துப் போயிருந்தது. இங்கிலாந்தின் ஹை விக்கம் என்னும் ஊர் கதிரை, மேசைத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கு தளபாடத் தொழிலாளரிடையே மூக்குப் புற்றுநோய் ஏனையோரைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதை 1960களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். வன்மரத் தூளே காரணமென்று சுட்டினர். 1995 இற் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவர் நிலையம் மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகையிற் சேர்த்தது. கிடங்கினுள் நின்று வாளிழுத்த அந்தத் தகப்பனாருக்கு இதை யார் சொன்னார்கள்? இன்று மரக்காலைகளில் துவாயை முகத்திற் சுற்றிக்கொண்டு நிற்கும் இளைஞருக்கு யார் சொல்கிறார்கள்? தொழிலின் மாண்பைப் பற்றி மேடையிற் பேசுவோர், தூளை உறிஞ்சும் ஒரு பொறியைப் பற்றியும் சில சொற்கள் பேசலாம்.

ஒருநாள், கால்களுக்கென அரிந்த துண்டொன்றின் பழைய சுண்ணாம்பைச் சுரண்டியபோது, உளியால் வெட்டிய ஓர் அடையாளம் தெரிந்தது: மூன்று கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடும். அண்ணை அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். கூரை மரங்களை நிலத்திலேயே பொருத்திப் பார்த்து, எது எங்கே சேரும் என்பதற்கு இலக்கமிட்டு, பின் கழற்றி மேலே ஏற்றுவது பழைய முறையாம். இது எந்தத் தச்சன் கையென்று அவராலும் சொல்ல இயலவில்லை. எங்கள் வீட்டின் முகப்பிற் சீமெந்தினாற் பொறித்த ஒரு பெயர் இருந்தது. அது பாட்டனார் பெயர். காணி உறுதியிலும் அவர் பெயரே. கட்டியவனின் பெயர், கூரைக்குள் யாரும் காணாத பக்கத்தில், மூன்று கோடுகளாகக் கிடந்தது. முகப்பும் பெயரும் அழிந்துவிட்டன. கோடுகள் எஞ்சின.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. பேராதனையில் மகாவலி கங்கையின் குறுக்கே 1833 இல் ஒற்றை வளைவாக ஒரு பாலம் கட்டப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 200 அடி. முழுவதும் முதிரை மரம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அந்தப் பாலத்தைப் பற்றி எழுதுவோர் பிரேசர் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் பெயரைத் தவறாது குறிப்பிடுகின்றனர். காட்டிலே முதிரையை வீழ்த்தியவர், யானையோடு இழுத்தவர், கங்கையின்மேல் தொங்கிநின்று பொருத்தியவர் ஆகியோரின் பெயர்களை அவ்வெழுத்துக்களில் நாம் காண்பதில்லை.

அவ்வடையாளம் கண்ட அன்று மாலை, நான் உற்சாக மிகுதியில் உழைப்பின் பெருமையைப் பற்றி ஏதோ பேசினேன் போலும். அண்ணை உளியைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்ரர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் உளி பிடிச்சா ஊர் கெட்டிக்கார மனிசன் எண்டு சொல்லும். நான் பிடிச்சாத் தச்சன் எண்டு சொல்லும். உளி ஒண்டுதான்."

இதற்கு என்னிடம் உடனடியான மறுமொழி இல்லை. இன்றும் எளிதான மறுமொழி எதுவும் இல்லை. நான் பத்தொன்பது நாட்களில் ஏறத்தாழ ஐம்பத்தேழு மணிநேரம் செலவிட்டு ஒரு மேசை செய்தேன். அதே மேசையைத் தாம் மூன்று நாளிற் செய்திருப்பார் என்றார். அது பெருமையன்று, கணக்கு. என் ஐம்பத்தேழு மணிநேரத்தைத் தாங்கியது என் ஓய்வூதியம். அவருக்கு ஓய்வூதியம் இல்லை. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், வீட்டுக்கு வீடு நாட்கூலிக்குப் போன அவரை எட்டவில்லை. எழுபத்தேழு வயதிலும் யாரேனும் கதவு பொருத்தக் கூப்பிடமாட்டார்களா என்று ஒழுங்கையைப் பார்க்கிறார். என் கொட்டிலில் உழைப்பு இனித்தது. ஏனெனில் அது என் விருப்பம். அவருக்கு அது பிறப்போடு விதிக்கப்பட்டது. உழைப்பு இழிவானதன்று என்று சொல்வது எளிது. விருப்பமின்றிச் சுமத்தப்பட்ட உழைப்பு இழிவுபடுத்தப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே அதைச் சொல்லவேண்டும்.

கற்பித்ததற்குக் கூலியாக, வேலைக்குப் போனால் அவர் பெறும் நாட்சம்பளத்தையே மணிக்கணக்கிற் பிரித்துக் கொடுத்தேன். முதலில் மறுத்தார். ஆசிரியர் சம்பளமின்றிப் படிப்பிப்பதை நம் சங்கங்கள் ஒருபோதும் ஏற்றதில்லை என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். "படிப்பிச்சுச் சம்பளம் எடுத்தது இதுதான் முதல் தரம்," என்றார். ஐம்பது ஆண்டுகளில் அவர் பலருக்குத் தொழில் பழக்கியிருக்கிறார். அதைக் கற்பித்தல் என்று எவரும் அழைக்கவில்லை.

ஆசிரிய நண்பர்கள் இவ்விடத்தில் ஒரு வரலாற்றை நினைவுகூரவேண்டும். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. ஏழைப் பிள்ளைக்கும் மேசைக்கு முன் இடம் கிடைத்தது. அது பெரும் வெற்றி. ஆயினும் அந்த மேசையிலிருந்து பார்த்தபோது தெரிந்த ஒரே பாதை உத்தியோகத்துக்கே சென்றது. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. நோக்கம் நன்று. ஆனால் எனக்குத் தெரிந்த ஏழைப் பெற்றோர் பலர் அதை ஐயத்தோடு பார்த்தனர். தலைமுறை தலைமுறையாகச் சாதித் தொழிலிலிருந்து தப்ப முயன்றவர்களுக்கு, பாடசாலையும் தம் பிள்ளையை அதே தொழிலுக்குத் திருப்பியனுப்புவதாகப் பட்டது. வசதியுள்ள பெற்றோரோ அப்பாடத்தைப் புள்ளிக்கான சடங்காக்கினர். 1977 இல் ஆட்சி மாறியது, அப்பாடங்களும் மறைந்தன. அத்திட்டம் நிலைக்காமற்போனதற்கு ஆட்சிமாற்றம் மட்டும் காரணமன்று. உளியைப் பிடிப்பவனின் கூலியும் மதிப்பும் மாறாதிருக்க, உளியை மட்டும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தால், பிள்ளைகள் அதிலே தொழிலைக் காணமாட்டார்கள், சாதியையே காண்பார்கள்.

மூலதனம் நூலின் முதற்பாகம் 1867 இல் வெளிவந்தது. பண்டம் என்பது மனித உறவுகளை மறைக்கும் விந்தையை விளக்க மார்க்ஸ் அங்கே எடுத்துக்கொண்ட பொருள் மரத்தால் ஆன ஒரு மேசையே என்பது வாசகர் அறிந்ததே. மரமாக இருக்கும்வரை அதில் மர்மமில்லை. சந்தைக்கு வந்ததும் அது செய்தவனை மறைத்துத் தானே பெறுமதியுடையதுபோல் நிற்கத் தொடங்குகிறது. இன்று நகரக் கடைகளில் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையில், மர நிறத் தாள் ஒட்டிய மேசைகள் விற்கின்றன. மலிவானவை, ஏழைப் பிள்ளைக்கும் வாங்கமுடிகிறது. அதை நான் பழிக்கமாட்டேன். வன்னிக் காட்டை வெட்டித்தான் எல்லாப் பிள்ளைக்கும் முதிரை மேசை கொடுக்கவேண்டும் என்றும் சொல்லமாட்டேன். இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை 1990 இல் அரசு தடைசெய்தது, அத்தடை நியாயமானது. ஆனால் அந்த மலிவு மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. தொலைதூரத் தொழிற்சாலையில் எத்தனை கைகள் அதைத் தொட்டன, அவை என்ன கூலி பெற்றன என்பது முற்றாக மறைந்துவிட்டது. ஊர்த் தச்சன் வேலை இழந்தான். தொலைதூரத் தொழிலாளி முகம் இழந்தான்.

மதுசாரத்திற் கரைத்த அவலரக்கைத் துணியாற் பூசி மேசை முடிந்தபின், அண்ணை அதைக் கவிழ்த்து வைத்தார். அடிப்பக்கத்தைச் சீவவோ மெருகிடவோ அவர் விடவில்லை. கழுந்துகளுக்கு நாங்கள் பென்சிலால் இட்ட இலக்கங்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. முதிரைத் துண்டிலிருந்த மூன்று கோடுகளும் குறுக்குக் கோடும் ஒரு காலின் உட்புறமாக வருமாறு அவரே திருப்பிப் பொருத்தியிருந்தார். இப்போது பிள்ளைகள் அம்மேசையில் எழுதுகிறார்கள். ஒரு சிறுமி பென்சில் விழுந்து எடுக்கப்போனவள், மேசையின் கீழேயே நெடுநேரம் இருந்துவிட்டு, அந்தக் கோடுகள் என்ன கணக்கு என்று கேட்டாள். அது விடை எழுதப்படாத ஒரு கணக்கு என்றேன். பின்னர் எனக்குத் தெரிந்த அளவைச் சொன்னேன். அடுத்த மாலை அண்ணையையும் அழைத்தேன். ஈர்க்கால் மூலைவிட்டம் அளக்கும் முறையை அவர் காட்டினார். ஏன் அது உண்மையாகிறது என்பதை நான் காட்டினேன். ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்.

எல்லாரும் தச்சராகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. தச்சர் மகள் மருத்துவராகட்டும். மருத்துவர் மகன் விரும்பினால் உளி பிடிக்கட்டும். எந்தக் கையும் பிறப்பினால் ஒரு கருவியோடு கட்டப்படவும் வேண்டாம், விலக்கப்படவும் வேண்டாம். அந்நாளைக்காகச் சட்டமும் சங்கமும் போராட்டமும் செய்யவேண்டிய வேலை பெரிது. வகுப்பறை செய்யக்கூடியது சிறிது. ஆனால் அந்தச் சிறிதை நாளையே தொடங்கலாம். ஆசிரிய நண்பர்களே, வகுப்பிலுள்ள ஒரு மேசையை ஒருநாள் பிள்ளைகள் முன்னாற் கவிழ்த்து வையுங்கள். பொருத்துகளை எண்ணச் சொல்லுங்கள். யார் செய்தார், எந்தக் காட்டு மரம், எத்தனை நாள், என்ன கூலி என்று கேட்கச் சொல்லுங்கள். கணக்கும் வரலாறும் தமிழும் அந்த ஒரு பாடத்துக்குள் வரும். நம் ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் முதிய தச்சர் எவரேனும் இருந்தால், அவரையும் வகுப்புக்கு அழையுங்கள். அமர ஒரு கதிரையும் கொடுங்கள். அந்நாளின் கூலியையும் மறவாமற் கொடுங்கள்.